'லாம்' என்னும் விகுதியும் படுக்கைப் புண்ணும்: முதியோர் பராமரிப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் புதுக்கவிதை எழுதத் தொடங்கும் எவரும் மூன்று கவிதைகளைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். ஒன்று வரதட்சணை பற்றி, இன்னொன்று சுதந்திர தினம் பற்றி, மூன்றாவது முதியோர் இல்லம் பற்றி. மூன்றாவதன் வார்ப்பு மாறுவதே இல்லை. பத்து மாதம் சுமந்த தாய், வெளியூரில் சம்பாதிக்கும் மகன், வாய்த்துடுக்கான மருமகள், இல்லத்தின் ஜன்னல், கடைசி வரியில் ஒரு சாட்டையடி. பட்டிமன்றத்தில் இதற்குக் கைதட்டல் உண்டு. பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகும்போது முன்வரிசைப் பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கவிதையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, யார் யார் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். அந்தத் தாயின் மலத்துணியை அலசுகிற பெண் இல்லை. அவளுக்கு என்ன சம்பளம் என்பது இல்லை. இல்லத்தை நடத்துகிறவர் யார், மாதம் எவ்வளவு வாங்குகிறார், கட்டடம் யாருடையது, ஆய்வுக்கு அதிகாரி வந்தாரா என்கிற கேள்விகள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு இல்லை. மூன்று பேர் மட்டுமே வாழும் ஓர் உலகம் அது: தாய், மகன், மருமகள். குற்றவாளியும் அந்த மூவருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டு, பெரும்பாலும் மருமகளாகவே இருந்து, தண்டனையும் கடைசி வரியில் வழங்கப்பட்டுவிடுகிறது.

மோசமான கவிதை என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அது பழக்கமும்கூட. ஆனால் இந்தக் கவிதை ஒரு கருத்தியல் வேலையைச் செய்கிறது. முதுமையை முழுக்க முழுக்க ஒரு பாசப் பிரச்சினையாக, நன்றி கெட்டதனமாக, தனிமனித ஒழுக்கக்கேடாகக் கட்டமைக்கிறது. இந்தக் கட்டமைப்பால் இரண்டு பேருக்கு லாபம். பொறுப்பிலிருந்து நழுவ விரும்பும் அரசு ஒருவர். மகனின் குற்ற உணர்வை விலைக்கு வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் முதலாளி இன்னொருவர். இந்தக் கட்டுரை அந்த இருவரைப் பற்றியது.

2

நமது மரபு முதியோரைத் தெய்வமாகப் போற்றிய மரபு என்று ஒரு பேச்சு இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த குற்றத்துக்காக நானும் இதை மேடைகளில் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. சரி, மரபையே பார்ப்போம்.

புறநானூற்றின் 191-ஆம் பாட்டு பிசிராந்தையாருடையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்ற கேள்விக்கு அவர் காரணங்களை அடுக்குகிறார். மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தான் நினைத்ததையே நினைத்துச் செய்யும் ஏவலர், அல்லவை செய்யாமல் காக்கும் அரசன், இவற்றோடு ஊரில் வாழும் சான்றோர். இதை நட்பின் பாட்டாகவும் நிறைவாழ்வின் பாட்டாகவும் வகுப்பறையில் நடத்துகிறோம். எனக்கு இது வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கிறது. முதுமை ஒரு மனிதனைத் தாக்காமலிருக்க என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பட்டியல் இது. குடும்பம் இருக்கிறது, ஆனால் குடும்பம் மட்டும் இல்லை. பிறருடைய உழைப்பு இருக்கிறது. ஏவலரை மறைக்காமல் சொல்கிறார் கிழவர். அரசு இருக்கிறது. ஊர் இருக்கிறது. இவை அத்தனையும் கூடி வந்தால்தான் ஒரு தலை நரைக்காமலிருக்கும்.

அந்த ஏவலருக்கு எப்போது நரைத்தது, அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. பிரதியின் மௌனம் அங்கே இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞரைவிடச் சங்கக் கிழவர் தெளிவாக இருந்திருக்கிறார். முதுமை என்பது வீட்டுக்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டுக் குடும்பத்தைப் பற்றிய ஏக்கத்தையும் இங்கேயே கொஞ்சம் உலுக்கிவிட வேண்டும். கூட்டுக் குடும்பம் என்பது கூலி கொடுக்காமல் நடத்தப்பட்ட முதியோர் இல்லம். அதன் ஊழியர் மருமகள். அவளுக்கு வேலை நேரம் கிடையாது, விடுப்பு கிடையாது, ராஜினாமா கிடையாது. அவளைத் தேர்ந்தெடுத்தது சாதி. சொத்து இருந்த வீட்டில் கிழவருக்கு மரியாதை இருந்தது. பத்திரம் எழுதிக் கொடுத்த மறுநாளே திண்ணைக்கு வந்த கிழவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. சொத்தே இல்லாத சேரிக் கிழவி சாகும்வரை களையெடுத்தாள். கோட்பாடு பேசும் நண்பர்கள் சிலர்கூட இந்த ஓர் இடத்தில் மட்டும் பழமையின் மடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

3

இனி சட்டத்துக்கு வருவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதியோர் இல்லக் கவிதை அப்படியே சட்டமாகியிருப்பது தெரியும்.

பிள்ளைகள் பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை கொடுத்தாக வேண்டும். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டு ஏமாற்றினால், அந்தப் பத்திரத்தை 23-ஆம் பிரிவின்படி செல்லாததாக்க முடியும். பிள்ளையில்லாத முதியவரை யார் பார்க்க வேண்டும்? அவருடைய சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் பார்க்க வேண்டும். சொத்தில்லாதவருக்கு உறவினரும் இல்லை என்று சட்டம் முடிவு கட்டிவிட்டது.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு. அரசுக்கு என்ன? 19-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படியான இல்லங்களை மாநில அரசு படிப்படியாக ஏற்படுத்த'லாம்'. இலக்கணம் படித்தவன் இந்த இடத்தில் நின்றுவிடுவான். பிள்ளைக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்'. தவறினால் பிள்ளைக்குச் சிறை. அரசு தவறினால் தவறே இல்லை, ஏனென்றால் அது கடமையே இல்லை. மருத்துவமனைப் படுக்கை பற்றிய 20-ஆம் பிரிவில் 'வேண்டும்' வருகிறது. சந்தோஷப்படுவதற்குள் பக்கத்திலேயே 'இயன்ற வரை' என்றும் வந்துவிடுகிறது. ஒரு வர்க்கத்தின் அரசியலை ஒரு விகுதிக்குள் இவ்வளவு கச்சிதமாக அடைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

2019 டிசம்பரில் இதற்கு ஒரு திருத்த மசோதா வந்தது. இல்லங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற நல்ல அம்சங்களும் அதில் இருந்தன. அதோடு 'பிள்ளைகள்' என்ற சொல்லின் வரையறைக்குள் மருமகனையும் மருமகளையும் கொண்டுவந்தது. திண்ணைப் பேச்சாக இருந்த மருமகள் கடமை சட்டத்தின் நடுக்கூடத்துக்கு வரப் பார்த்தது. நாடாளுமன்றத்தின் பதவிக்காலம் 2024-இல் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. 'லாம்' மட்டும் அப்படியே மிச்சம்.

அரசால் கட்ட முடியாதா? முடியும். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டு 17-இல் திறக்கப்பட்டது. செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்யும் 18,720 பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கலாம். பாராட்டத்தக்க காரியம்தான், தொழிலாளிக்குக் கூரை வேண்டும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 19-ஆம் பிரிவு சொல்கிற குறைந்தபட்ச இல்லம் ஒவ்வொன்று கட்டினாலும் 5,700 பேர்தான் தங்க முடியும். அந்த ஒற்றை வளாகத்தில் தங்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, அரசுக்குச் செங்கல் வைக்கத் தெரியும், பணமும் இருக்கிறது. உழைக்கிற உடம்புக்குக் கூரை போடத் தெரிந்த அரசுக்கு, உழைத்து முடித்த உடம்பு வந்து நிற்கும்போது மட்டும் 'லாம்' ஞாபகம் வருகிறது.

4

'லாம்' விட்டுவைத்த இடத்துக்கு முதலாளி வருகிறார். கோயம்புத்தூர்ப் பக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்திருக்கும் ஓய்வுக்கால வில்லாக்களின் விளம்பரங்களைப் பாருங்கள். சுத்த சைவச் சமையல், வளாகத்துக்குள் கோயில், பஜனை, 'நம்மைப் போன்றவர்கள்' அக்கம்பக்கம். அக்ரகாரத்தைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். தெருவில் கலைந்துபோன சாதி, கேட் போட்ட வளாகத்துக்குள் திரும்பச் சேர்க்கப்படுகிறது. அங்கே படுக்கையில் விழுந்தவரைத் துடைத்துவிடும் பெண் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வசதி இருப்பவர்கள் வாங்குகிறார்கள், உனக்கென்ன என்று கேட்கலாம். கேள்வி வாங்குகிறவரைப் பற்றியதில்லை. லாபம் இந்தத் தொழிலில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் அறிந்த பாலபாடம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. ஓசூரில் ஒரு பைக் எஞ்சினைப் பூட்டும் நேரத்தை இயந்திரம் போட்டுப் பாதியாகக் குறைக்கலாம். ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் அவள் கீழே விழுவாள், அல்லது புரட்டாமலே விடப்படுவாள். பராமரிப்பு என்பது மனித நேரம். செலவின் பெரும்பகுதி ஆட்கூலி. எனவே லாபத்துக்கு மூன்றே வழிகள்தான். ஆளைக் குறைக்க வேண்டும், கூலியைக் குறைக்க வேண்டும், அல்லது கட்டணத்தை ஏற்ற வேண்டும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாம் பட்சம். படுக்கைப் புண் ஒரு மருத்துவ நிகழ்வாகத் தெரிகிறது; பல நேரங்களில் அது ஒரு கணக்குப் புத்தகத்தின் பதிவு.

இது என் கற்பனையில்லை. நமக்கு முன்னால் இந்தப் பாதையில் போன நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் சதர்ன் கிராஸ் என்ற கம்பெனி சுமார் 31,000 முதியவர்களை வைத்திருந்த மிகப் பெரிய நிறுவனம். இல்லங்களின் கட்டடங்களை விற்றுவிட்டு அதே கட்டடங்களுக்கு வாடகை கட்டி நடத்தும் ஏற்பாட்டில் இறங்கியது. விற்றவர்கள் லாபத்தோடு வெளியேறினார்கள், வாடகை ஏறிக்கொண்டே போனது, 2011-இல் கம்பெனி கவிழ்ந்தது. பிரான்சில் ஓர்பெயா என்ற கம்பெனியைப் பற்றி விக்டர் காஸ்தானே என்ற பத்திரிகையாளர் 2022 ஜனவரியில் ஒரு புத்தகம் எழுதினார். டயப்பரையும் பிஸ்கட்டையும்கூட எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள் என்ற செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. பிறகு 2023-இல் பொதுத்துறை நிதி நிறுவனத்தின் தலைமையிலான குழு அந்தக் கம்பெனியைக் கையிலெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் தனியார் முதலீட்டு நிதியங்கள் வாங்கிய முதியோர் மருத்துவ இல்லங்களில் குறுகிய காலம் தங்கிய நோயாளிகளின் இறப்பு சுமார் பத்து சதவீதம் கூடியதைப் பொருளாதார அறிஞர்கள் 2021-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இந்தப் பாடங்களுக்குப் பிறகும் நம் மத்திய அரசு 2021 ஜூனில் 'சேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதியோர் சேவையில் இறங்கும் புதுக் கம்பெனிகளுக்கு ஒரு கோடி ரூபாய் வரை அரசே பங்கு முதலீடு போடும், அரசின் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டாது. 2024 பிப்ரவரியில் நிதி ஆயோக் வெளியிட்ட முதியோர் பராமரிப்பு அறிக்கை கட்டாயச் சேமிப்பு, வரிச் சீர்திருத்தம், வீட்டுத் திட்டம் என்று பேசுகிறது. சேமிப்பாம். பர்கூர்க் கல்குவாரியில் கிரானைட் பாளம் அறுத்தவன் எதைச் சேமிப்பான்? நுரையீரலில் சேர்த்த தூசியையா?

5

பர்கூர் என்றதும் ஈரோட்டுப் பர்கூர் மலையா என்று கேட்பார்கள். இது கிருஷ்ணகிரிப் பர்கூர். மொத்த ஜவுளிக் கடைகளால் குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய ஊர். 1991-இல் ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, 1996-இல் அதே முதலமைச்சரைத் தோற்கடித்த தொகுதி. தேர்தல் போஸ்டரில் கிழவியை அணைத்துக்கொண்டிருக்கும் தலைவர்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம். தமிழக அரசியலில் கிழவி ஒரு சின்னம். அவள் உடம்பு யாருடைய நிகழ்ச்சிநிரலிலும் இருந்ததில்லை.

காலை ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் வந்துவிடும். பர்கூர் சிப்காட்டின் ஷூ கம்பெனிக்கும் போச்சம்பள்ளிக்கும் ஓசூருக்கும் பெண்கள் ஏறிப் போகிறார்கள். இன்னொரு கூட்டம் பெங்களூர் பஸ் ஏறும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிற, தமிழ் படித்த பிள்ளைகள். ஊரில் மிஞ்சுவது குழந்தைகளும் கிழடுகளும். எல்லையோரத் தொழில் மண்டலம் என்று அரசு ஆவணங்கள் பெருமையோடு எழுதும் இந்த நிலப்பரப்பை நான் இப்படித்தான் வரைவேன்: உழைக்கும் வயதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, இரண்டு ஓரத்து வயதுகளையும் கிராமத்தில் துப்பிவிட்டுப் போகும் ஒரு பம்ப் செட்.

ஒரு ஓரத்தையாவது சட்டம் பார்த்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. 2025 நவம்பரில் பழைய சட்டங்களெல்லாம் தொகுப்புகளுக்குள் கரைந்த பிறகும் காப்பகம் என்ற கருத்து பிழைத்திருக்கிறது. முதலாளியத்துக்குக் குழந்தை நாளைய உழைப்பு. கிழவர் நேற்றைய உழைப்பு. அதற்கான கூலி ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டதாக அது கருதுகிறது. தீர்க்கப்பட்டதா? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அடுத்த பத்தாண்டுக்கு அது அசையவில்லை. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கான குறைந்தபட்சம், ஆதரவற்றவருக்கான உதவியைவிட 200 ரூபாய் குறைவு. நமது தொழில் வளர்ச்சி தன் தொழிலாளிக்குக் கொடுத்த மதிப்பெண் இது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா பெங்களூரில் ஒரு ஏஜென்சி மூலம் 'ஹோம் நர்ஸ்' வேலைக்குப் போகிறார். நர்ஸிங் படித்தவரில்லை, எட்டாவது வரை படித்தவர். ஒரு வீட்டில் இருபத்தி நாலு மணி நேரமும் தங்கி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. சம்பளத்தில் ஏஜென்சி பிடித்தம் போகும். இங்கே அவருடைய மாமியார் பக்கவாதத்தில் கிடக்கிறார். பத்தாவது படிக்கும் மகள்தான் பள்ளிக்குப் போகுமுன் துடைத்துவிட்டுப் போகிறாள். "அங்க அந்தம்மாவுக்கு மூணு வேளையும் பவுடர் போட்டுத் துடைக்கறேன் தம்பி. இங்க என் மாமியாரு ஈரத்துலயே கெடக்குது. நான் அங்க துடைச்சாதான் இங்க மருந்து வாங்க முடியும்" என்றார். இதற்கு மேல் அரசியல் பொருளாதாரத்தில் நான் என்ன விளக்க? பராமரிப்பும் கனிமம்போல ஏழை ஊரிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுப் பணக்கார ஊருக்கு அனுப்பப்படுகிறது. கிரானைட் லாரி போகும் அதே நெடுஞ்சாலையில்தான் இதுவும் போகிறது. முதியோர் இல்லக் கவிஞரின் கணக்கில் இந்த அக்கா மாமியாரைக் கைவிட்ட மருமகள்.

தெற்கத்தி மாவட்டங்களின் தலைக்கூத்தல் பற்றிச் சில படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' தேசிய விருதும் பெற்றது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு காவலாளியின் கதை. பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் 'இப்படியும் ஒரு காட்டுமிராண்டித்தனமா' என்றார்கள். கொலை கொலைதான், அதில் எனக்கு வழவழா கொழகொழா இல்லை. ஆனால் அதை ஒரு விநோதப் பழக்கமாக, மானிடவியல் காட்சிப்பொருளாகப் பார்த்துத் திரும்பி வருவதில் ஒரு வசதி இருக்கிறது. முறிந்த இடுப்புக்கு அறுவை சிகிச்சையும் அதன் பிறகு ஆறு மாதம் பார்த்துக்கொள்ள ஆளும் உரிமையாகக் கிடைத்திருந்தால் எண்ணெய்க் குளியலுக்கு என்ன வேலை? எழுபது வயது கடந்த எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. அது ஆஸ்பத்திரிக் கட்டிலோடு முடிகிறது. வீட்டுக் கட்டிலுக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

6

அப்படியானால் எல்லாவற்றையும் அரசிடம் கொடுத்துவிட்டால் போதுமா? இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும், முதலாளியின் ஆட்கள் கேட்பதற்கு முன்னால்.

பொது என்பது தன்னளவில் விடுதலை அல்ல. பாரிஸில் 1656-இல் நிறுவப்பட்ட பொது மருத்துவமனை ஏழைகளையும் பைத்தியங்களையும் முதியவர்களையும் ஒன்றாக அடைத்துவைத்ததை ஃபூக்கோ எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தின் 1945-ஆம் ஆண்டு பிச்சைத் தடுப்புச் சட்டம் தெருவில் கிடந்த கிழவரைக் குற்றவாளியாகத்தான் முதலில் பார்த்தது. 'ஆதரவற்றோர்' என்று முத்திரை குத்திப் பிடித்துக்கொண்டு போவதும் ஒரு பராமரிப்பு என்றால், அந்தப் பொது நமக்கு வேண்டாம்.

தருமமும் போதாது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லத்தின் வேனில் முதியவர்களோடு ஒரு சடலமும் ஏற்றிச் செல்லப்பட்டது செய்தியானது. அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள், அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். குற்றச்சாட்டுகளின் உண்மை பொய்க்குள் நான் போகவில்லை. கருணையின் பெயரால் நடக்கும் இடத்தில் உள்ளே கிடப்பவருக்கு எந்தக் கேள்வியும் கேட்கும் உரிமை இருப்பதில்லை என்பதே என் கவலை. தருமம் வாங்குகிறவர் புகார் எழுத முடியாது.

வேறு மாதிரிப் பொது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறிய வலி நிவாரண மருத்துவப் பிரிவாகத் தொடங்கியது, மலப்புறத்தில் அக்கம்பக்கத்து மக்களின் அமைப்பாக வளர்ந்து, 2008-இல் கேரள அரசின் கொள்கையானது. பஞ்சாயத்தின் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். அவரோடு ஊர்க்காரர்களும் வருகிறார்கள். யாரையும் அடைத்துவைக்கவில்லை, யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை. பிசிராந்தையாரின் பட்டியலிலிருந்த அரசும் ஊரும் அங்கே கூடி வருகின்றன.

நம்மிடமும் ஒரு விதை இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. படுத்துவிட்டவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணமும் இந்தத் திட்டத்தில் உண்டு. கேலி பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது பெரிய காரியம். ஆனால் மாத்திரையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்ணை அரசு தொழிலாளி என்று அழைப்பதில்லை, தன்னார்வலர் என்கிறது. அவருக்குத் தருவது சம்பளமில்லை, ஊக்கத்தொகை. மருமகளிடம் இலவசமாக வாங்கிய உழைப்பைத் 'தன்னார்வலரிடம்' அரைக் கூலிக்கு வாங்குகிறது அரசு. 2025 நவம்பரில் திறக்கப்பட்ட 25 அன்புச்சோலைப் பகல்நேர மையங்களும் நல்ல தொடக்கம்தான். ஆனால் பகல் மையத்துக்கு நடந்து வரக்கூடியவர்தான் வர முடியும். கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கு அன்பு எங்கே?

7

தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-இல் நூற்றுக்கு 13.6 பேர் என்றும் 2031-இல் 18.2 பேர் ஆவார்கள் என்றும் மக்கள்தொகைக் கணிப்புகள் சொல்கின்றன. ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவிட்டன. கவிதையில் வரும் நன்றி கெட்ட மகனைத் திருத்தினாலும் நாலு கிழவர்களுக்கு இரண்டு பேர் என்கிற கணக்கு தீராது. இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பது இந்தப் பத்தாண்டில் முடிவாகிவிடும். பேசாமல் இருந்தால் முதலாளி நிரப்புவார், பிறகு அவரிடமிருந்து மீட்பது கடினம் என்று இங்கிலாந்தும் பிரான்சும் சொல்கின்றன.

1962-இல் இருபது ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. கிழவிக்குப் பணம் கொடுப்பது அரசின் வேலை என்று அப்போதே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இப்போது கேட்க வேண்டியது அடுத்த படி. 19-ஆம் பிரிவின் 'லாம்' 'வேண்டும்' ஆக வேண்டும். மத்தியில் நடக்காவிட்டால் மாநிலம் தனக்கென்று ஒரு சட்டம் போடட்டும். உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். இல்லம் யார் நடத்தினாலும் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று வரையறுத்து, ஆய்வு அறிக்கையை ஊர் படிக்கும்படி ஒட்ட வேண்டும். வீடு தேடி வரும் பெண்கள் நிரந்தர ஊழியர்கள் ஆக வேண்டும், படுத்தவரைப் புரட்டவும் துடைக்கவும் பயிற்சியும் ஆளும் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும். அரசுப் பணம் எந்தப் பராமரிப்புக் கம்பெனியின் பங்கிலும் போகக் கூடாது.

ஓசூர், பர்கூர்த் தொழிற்சங்கத் தோழர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். போனஸ், கான்டீன், பஸ், நிரந்தரம் என்று நீளும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில், வேலைக்கு வந்திருக்கும் பெண்ணின் வீட்டில் கட்டிலில் கிடப்பவர் ஏன் ஒரு வரியாகக்கூட இல்லை? காப்பகம் கேட்டு வாங்கிய சங்கங்கள் இதையும் கேட்கலாமே. சிப்காட் போட்ட நிலத்தில் கம்பெனிகளின் பங்களிப்போடு, பஞ்சாயத்து நிர்வாகத்தில், கட்டணமில்லாத ஒரு பராமரிப்பு மையம் வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் எழுதிக் கொடுங்கள். எழுதும்போது வினைமுற்றைக் கவனியுங்கள். 'அமைக்கலாம்' என்று அவர்கள் திருத்திக் கொண்டுவருவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.